மேல்வீட்டுக்காரியின் மூச்சு

மூன்றாவது விசிலுக்குத்தான் அவளுக்குக் கண் திறந்தது.

அவள் உட்கார்ந்திருந்தது தரையிலிருந்து நாற்பதடி உயரத்தில், இரும்பு வார்க்கும் பவுண்டரியின் கூரையை ஒட்டி ஓடும் கிரேனின் கண்ணாடிக் கூண்டில். கீழே கொக்கியில் ஆறு டன் உருகிய இரும்போடு வாளி தொங்கிக்கொண்டிருந்தது. வலது கை லிவரை முன்னால் தள்ளியபடியே இருந்தது. இரும்பை ஊற்ற வேண்டிய மணல் அச்சைத் தாண்டி, வாளி தன்பாட்டுக்கு நடைபாதையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அங்கே மண் அள்ளிக்கொண்டிருந்த ஆள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தூணுக்குப் பின்னால் பாய்ந்தார்.

லிவரை இழுத்தாள். வாளி நின்றது, உள்ளே இருந்தது நிற்கவில்லை. விளிம்பைத் தாண்டிச் சிவப்பாக ஒரு நாக்கு வெளியே வந்து, ஆள் நின்ற இடத்துக்கு நாலடி தள்ளித் தரையில் விழுந்து வெடித்தது. பொறி பறந்தது. மண்வெட்டியின் மரப்பிடி பற்றி எரிந்தது.

மணி பதினொன்றே கால். பட்டப்பகல். முந்தின ராத்திரி எட்டு மணி நேரம் படுத்து எழுந்து வந்தவள் அவள்.

கீழே நின்று சைகை காட்டுகிறவரை எல்லோரும் விசில் அண்ணன் என்பார்கள். அந்தக் கூண்டில் ஒன்பது வருஷமாகக் குடியிருக்கிற இவளுக்கு மேல்வீட்டுக்காரி என்று பெயர் வைத்ததும் அவர்தான். சின்னவர்கள் மேல்வீட்டக்கா என்பார்கள். அவள் ஏணியில் இறங்கி வந்தாள். விசில் அண்ணன் அவளைத் திட்டவில்லை. முகத்தை மட்டும் உற்றுப் பார்த்தார்.

"தூங்கிட்டியாம்மா?"

"தெரியலண்ணே."

பொய் இல்லை. கண் மூடியது அவளுக்குத் தெரியவே தெரியாது.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று எல்லோரும் சொன்னார்கள். கம்பெனி டாக்டர் அப்படி விடவில்லை. ரத்த அழுத்தம் பார்த்தார், எழுதிய எண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மார்பிலும் விரலிலும் கருவி கட்டி ஒரு ராத்திரி தூங்கச் சொல்லி அனுப்பினார். தாள் வந்தது. தூக்கத்தில் மணிக்கு முப்பத்தெட்டு தடவை அவளுக்கு மூச்சு நின்று நின்று வருகிறதாம்.

"மூச்சு நிக்கும்போதெல்லாம் மூளை உங்கள உலுக்கி எழுப்புது. உங்களுக்குத் தெரியாது. ராத்திரி முழுக்க ஒருத்தன் நிமிஷத்துக்கு ஒரு தடவை கதவத் தட்டுனா தூக்கம் வருமா? குறட்டை உண்டா?"

"இல்ல சார்."

அதுவும் பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் விட்ட குறட்டையைப் பெண்கள் ஓய்வறையில் யாரோ போனில் பதிவு செய்துவிட்டார்கள். அது கைமாறிக் கைமாறி, ஒருநாள் கேன்டீனில் யாருடைய போனோ அடித்தபோது மணியோசையாக அவளுடைய குறட்டையே கேட்டது. மேஜை மேஜையாகச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்றைக்கே போய்த் தொண்டை டாக்டரைப் பார்த்தாள். கம்பெனியில் டான்சில் என்று சொல்லி லீவு போட்டாள். டான்சிலோடு உள்நாக்கையும், அண்ணத்தின் பின்பக்கம் தொங்கும் சதையையும் சேர்த்து வெட்டினார்கள். இரண்டு வாரம் எச்சில் விழுங்கினால்கூடக் கண்ணாடித் துண்டை விழுங்குகிற மாதிரி இருந்தது. ஆனால் குறட்டை ஒழிந்தது. இன்றைக்கும் அவசரமாகத் தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வரும். அது ஒரு பெரிய விஷயமாக அவளுக்குப் படவில்லை. ஆறு மாதம் கழித்து வந்து தூக்கத்தைப் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் டாக்டர். சத்தமே இல்லாதபோது எதற்குப் பரிசோதனை என்று அவள் போகவில்லை.

இப்போதும் படிவத்தில் 'முன்பு செய்த அறுவை சிகிச்சை' என்ற இடத்தில் டான்சில் என்றே எழுதினாள். மறந்துபோன சிரிப்பை யார் போய் மறுபடி எழுப்புவது?

கம்பெனி விதி ஒற்றை வரியில் இருந்தது. மாஸ்க் வழியாகக் காற்றை அடித்துத் தொண்டை மூடாமல் வைக்கிற மூச்சு மெஷின் போட்டுத் தூங்க வேண்டும். முப்பது நாளில் குறைந்தது இருபத்தொரு நாள், நாளுக்கு நாலு மணி நேரமாவது போட்டதாக மெஷினே சாட்சி சொல்ல வேண்டும். அதுவரை மேல்வீடு கிடையாது, ஸ்டோரில் கையுறையும் ஹெல்மெட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலை. மெஷினுக்குள் இருந்த சின்ன கார்டு எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளும்.

தூக்கக் கிளினிக்கில் மாஸ்க் மாட்டிவிடுகிற டெக்னீஷியன் முப்பது வயசுப் பெண், பேச்சில் வேகம். மூக்கை மட்டும் மூடுகிற சின்ன மாஸ்க் ஒன்றை எடுத்துப் பட்டையை இறுக்கினாள். "வாய மூடிக்கிட்டுத் தூங்குங்கம்மா. ஒரு வாரத்துல பழகிடும்."

பழகவில்லை. மூக்கு வழியாக உள்ளே போன காற்று, தொண்டையைத் தொட்டதும் திரும்பி வாய் வழியாகப் புஸ்ஸென்று வெளியே கொட்டியது. உதட்டை இறுக்கினால் கன்னம் பலூனாக உப்பியது. வயிற்றுக்குள் காற்று போய் ஏப்பம் ஏப்பமாக வந்தது. ஒரு மணி நேரத்தில் நாக்கு மரக்கட்டையாகி மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் குடிக்க எழுவாள், அது மூக்கில் ஏறும், இருமுவாள். திரும்பப் படுத்து மாஸ்க்கைப் பார்த்தால் அழுகை வரும். காலையில் அது தலையணைக்குக் கீழே கிடக்கும். மெஷின் திரையில் 1.2 மணி நேரம் என்று இருக்கும். மறுநாள் 0.9.

கிளினிக்குக்குப் போன் செய்தாள். தாடையைத் தூக்கிக் கட்டுகிற பெல்ட் ஒன்றைக் கொடுத்தார்கள். தாடை கட்டுப்பட்டது, காற்று கட்டுப்படவில்லை. உதட்டின் ஓரத்தைப் பிளந்துகொண்டு வெளியேறியது.

ஐந்தாம் நாள் காலை அவள் கட்டிலில் உட்கார்ந்து குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு அழுததை அவள் வீட்டுக்காரர் பார்த்தார். பிரெட் பேக்கரியில் அடுப்பு வேலை அவருக்கு. நடுராத்திரி தாண்டிக் கிளம்பிப் போய், காலை பத்தரைக்குத்தான் வீடு திரும்புவார். அன்று சூடான தட்டு ஒன்று சரிந்து கையைச் சுட்டதால் சீக்கிரம் வந்திருந்தார்.

"விடு. எல்லாம் சரியாப் போகும்," என்றார்.

ஆறாம் நாளிலிருந்து சரியாகத்தான் போனது. அன்று காலை திரையில் 5.1 என்று இருந்தது. அவள் கண்ணைக் கசக்கிப் பார்த்தாள். மறுநாள் 4.8. அதற்கு மறுநாள் 5.4. தூக்கத்தில் தனக்கே தெரியாமல் போட்டுக்கொண்டிருக்கிறோம் போலிருக்கிறது என்று நினைத்தாள். வாய் வறட்சி அப்படியே இருந்தது, தலைவலி அப்படியே இருந்தது, ஸ்டோரில் மத்தியானம் ஹெல்மெட் அடுக்கின் மேல் நெற்றி முட்டுவதும் அப்படியே இருந்தது. ஆனாலும் எண் ஏறிக்கொண்டிருந்தது.

பதினாறாம் நாள் பவுண்டரியில் மின்சாரம் போய், மதியமே எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். இரண்டரை மணிக்குக் கதவைத் திறந்தாள். படுக்கையறையில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

அவளுடைய பக்கத்தில், அவளுடைய தலையணையில், வீட்டுக்காரர் மல்லாந்து படுத்திருந்தார். மூக்கில் மாஸ்க். கை இரண்டையும் வயிற்றின் மேல் கோத்துக்கொண்டு, விமானம் ஓட்டப் போகிறவர் மாதிரி நிம்மதியான தூக்கம்.

பட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் துள்ளி உட்கார்ந்தார்.

"என்னங்க இது?"

"நீ... இந்நேரத்துக்கு எப்படி வந்த?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. எத்தன நாளா?"

அவர் மூக்கைத் தடவிக்கொண்டார். பட்டை பதிந்த தடம் கன்னத்தில் சிவப்பாக இருந்தது.

"நீ அழுத அன்னையிலிருந்து. மத்தியானம் எப்படியும் தூங்குறேன். சும்மா தூங்குற தூக்கத்த இதப் போட்டுக்கிட்டுத் தூங்குனா உனக்கு நாலு மணி நேரம் ஏறுதேன்னு..."

"மூச்சு நிக்கிறது எனக்கு. நீங்க மருந்து சாப்பிட்டா என் நோய் தீருமா?"

"நோயப் பத்தி யாரு பேசுனா? வேலையப் பத்திப் பேசுறேன். ஒன்பது வருஷம் மேல உக்காந்தவ, இப்ப கையுறை எண்ணிக்கிட்டு நிக்கிற. தினமும் சாயங்காலம் உன் மூஞ்சியப் பாக்குறது நான்தானே!"

"கீழ ஆளுங்க நிக்கிறாங்க."

"ஒரே ஒரு தடவ நடந்தது. யானைக்கும் அடி சறுக்கும்."

"யானை சறுக்குனா யானைக்கு வலிக்கும். நான் சறுக்குனா?"

அவர் மெஷினை அணைத்து மாஸ்க்கை மேஜைமேல் வைத்தார். அன்று சாயங்காலம் அவள் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். நல்ல நாள் பதினொன்று ஆகியிருக்கிறது. இன்னும் பத்து போதும். மிச்சம் பதினாலு நாள் இருக்கிறது.

மாஸ்க்கைப் பூட்டி வைக்க வேண்டும் என்று நினைத்தாள். மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது அது மேஜைமேல் இருந்தது. அவள் அதைப் பூட்டவில்லை. அதைப் பார்க்காத மாதிரி செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். சாயங்காலம் அவள் வந்தபோது அவரும் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை திரையில் 5.3.

அதிலிருந்து அது இருவருடைய வேலையாகிவிட்டது.

முப்பதாம் நாள் மாலை மூன்று மணிக்குக் கிளினிக். டெக்னீஷியன் கார்டைக் கம்ப்யூட்டரில் செருகினாள். அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மடியில் பையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அட, இருபத்தஞ்சு நாள் நாலு மணி நேரத்துக்கு மேல! சொன்னேன்ல, பழகிடும்னு." டெக்னீஷியன் சுட்டியை உருட்டினாள். உருட்டல் நின்றது. "மத்தியானம் மத்தியானம் போட்டிருக்கீங்க. ஷிப்ட் மாறி மாறி வருமோ?"

அது நான் இல்லை என்று மூன்று வார்த்தை சொன்னால் போதும். சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல், கடைசியில் தலையை மட்டும் ஆட்டினாள்.

"சரி, சரி. காத்து கொஞ்சம் கசியுது. சராசரியாப் பாத்தா பரவாயில்ல." தாள் பிரிண்டரிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. டெக்னீஷியன் கையெழுத்துப் போட்டு உள்ளே கொண்டுபோனாள், டாக்டர் முத்திரை குத்தினார். "திங்கக்கிழமையிலிருந்து கிரேன் ஏறலாம்மா. வாழ்த்துகள்."

அன்று வெள்ளிக்கிழமை. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பையைத் திறந்து தாளை ஒரு தடவை பார்த்தாள். விசில் அண்ணனுக்குப் போன் செய்து சொன்னாள். அவர் மகிழ்ச்சியில் கத்தியதில் பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "வாம்மா, வா! மேல உனக்குப் பதிலா ஒருத்தன் உக்காந்துக்கிட்டு வாளிய ஊஞ்சல் ஆட்டுறான். நாளைக்கு சனிக்கிழமையும் ஷிப்ட் இருக்கு. காலைல ஆறு மணிக்கு நானே மேனேஜர்கிட்ட பேசுறேன். திங்கள் வரைக்கும் எதுக்கு?"

அவள் சரி என்றாள். ஐந்தாவது ஸ்டாப்பில் இறங்க வேண்டும்.

யாரோ தோளைத் தட்டினார்கள்.

"அம்மா. இதுக்கு மேல ரோடு இல்ல."

கண்டக்டர். பஸ் காலியாக இருந்தது. வெளியே வரிசை வரிசையாக மற்ற பஸ்கள் நின்றன, ஒரு ஆள் குழாயால் சக்கரம் கழுவிக்கொண்டிருந்தார். டிப்போ. அவள் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஒன்பது ஸ்டாப். எப்போது கண் மூடினோம் என்று யோசித்தாள். பிடிபடவில்லை. அன்றைக்குக் கூண்டிலும் இப்படித்தான். தூக்கம் வருகிறது என்ற எச்சரிக்கைகூட இல்லை. நடுவில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு ஓரத்தையும் ஒட்டிய மாதிரி.

கையில் தாள் இருந்தது. பிடித்தபடியே தூங்கியிருக்கிறாள். முத்திரை இருந்த இடத்தில் அவள் விரல் ஈரம்.

டிப்போ பெஞ்சில் உட்கார்ந்தாள். மண்வெட்டிப் பிடி எரிந்தது ஞாபகம் வந்தது. அந்த ஆளுக்குக் கல்யாணமாகி நாலு மாதம் என்று பிறகுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னாள், "நாளைக்கு நான் மேல ஏறல. கிளினிக்குக்குப் போறேன்."

வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்தது. "எல்லாம் முடிஞ்ச பிறகா? என்னக் காட்டிக் குடுக்கப் போறியா?"

"என்னத்தான் காட்டிக் குடுக்கப் போறேன். நீங்க அதுல ஓரமா வருவீங்க."

"வேலையே போயிட்டா?"

"போனா போகட்டும். ஸ்டோர்லயே வெச்சாலும் வெக்கட்டும். பஸ்ஸுல தூங்குனதுக்குக் கண்டக்டர் எழுப்புனாரு. மேல யாரு இருக்கா, எழுப்ப?"



சனிக்கிழமை கிளினிக் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றாள். ஆறே காலிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது. விசில் அண்ணன். எடுக்கவில்லை. ஏழாவது தடவை எடுத்தாள்.

"எங்கம்மா இருக்க? மேனேஜர்கிட்ட பேசி வெச்சுட்டேன். உலை தயாரா இருக்கு."

"நான் வரலண்ணே. வந்து நேர்ல சொல்றேன்." போனை அணைத்தாள்.

டெக்னீஷியன் வந்ததும், நாற்காலியில் உட்காராமலேயே சொன்னாள். மத்தியானம் தூங்கியது நான் இல்லை, என் வீட்டுக்காரர். ஷிப்ட் மாறி மாறி என்று தலையாட்டினேன், அதுவும் பொய்.

டெக்னீஷியனுடைய கை கோப்பின் மேலேயே நின்றது. "நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்மா. என் பேரு போட்டு. நீங்க மேல ஏறி ஏதாவது ஆகியிருந்தா முதல்ல யாரக் கேட்டிருப்பாங்க? உங்க வீட்டுக்காரரையா?"

"தப்புதான்மா."

"தப்புன்னு நீங்க லேசாச் சொல்லிட்டீங்க." தாளை வாங்கி நாலாகக் கிழித்தாள். துண்டுகளைக் குப்பைக்கூடையில் போட்டாள். திரும்பி வந்து கம்ப்யூட்டரை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "கார்டக் குடுங்க."

இந்தத் தடவை சராசரி பார்க்கவில்லை. மத்தியானத்தைத் தனியாக, ராத்திரியைத் தனியாகப் பிரித்தாள். மத்தியானக் கோடு தேங்கிய தண்ணீர் மாதிரி சமமாகப் போனது. "உங்க வீட்டுக்காரர் மூச்சுல குறை சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. காத்துக் கசிவே கிடையாது. அவரோடத உங்களோடதோட சேத்துக் கலக்குனதுலதான் எனக்கு ஒண்ணும் தெரியாம போச்சு." ராத்திரிக் கோட்டைத் திறந்தாள். அவள் முகம் மாறியது. "இது என்ன? போட்ட அஞ்சாவது நிமிஷத்துலயே பாதிக் காத்து வெளிய போகுது. எந்த நாள் எடுத்தாலும் இப்படித்தான். இது பழக்கமில்லாததால வர்ற கசிவு இல்ல."

டார்ச்சை எடுத்தாள். "வாயத் திறங்க. ஆ சொல்லுங்க."

வெளிச்சம் தொண்டையில் விழுந்தது. டெக்னீஷியன் குனிந்து பார்த்தாள், இன்னும் கொஞ்சம் குனிந்தாள்.

"டான்சில்னு எழுதியிருக்கீங்க. உள்நாக்கு எங்கம்மா?"

அதற்குமேல் மறைக்க ஒன்றுமில்லை. போன் மணியோசையிலிருந்து கண்ணாடித் துண்டு வரை எல்லாம் சொன்னாள். சொல்லி முடிக்கையில் வேர்த்திருந்தது.

"குறட்டை உங்களுக்கு அலாரம் மாதிரி," என்றாள் டெக்னீஷியன். குரலில் இப்போது அந்தக் காட்டம் இல்லை. "அலாரம் ஒயரப் பிடுங்கிட்டீங்க. திருடன் உள்ளயேதான் இருக்கான். அப்புறம், மூக்குக்கும் வாய்க்கும் நடுவுல ஒரு சதை திரை மாதிரித் தொங்கும். மூக்கு வழியா காத்து வந்தா அது நாக்குமேல படிஞ்சு வாய்ப்பக்கம் அடைச்சுக்கும். உங்களுக்கு அந்தத் திரை பாதிதான் இருக்கு. மூக்குல அடிக்கிற காத்து வாய் வழியா வராம என்ன செய்யும்? நீங்க உதட்ட எவ்வளவு இறுக்குனாலும் நிக்காது. காத்து கசியுறது உங்க தப்பு இல்ல. ஆனா நான் கேட்டிருக்கணும், நீங்க சொல்லியிருக்கணும்."

அங்கிருந்து நேராகப் பவுண்டரி. கம்பெனி டாக்டர் முழுவதையும் கேட்டுவிட்டு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார். முப்பது நாள் அறுபதாயிற்று, இருபத்தொன்று நாற்பத்திரண்டாயிற்று; அதுவும் ராத்திரித் தூக்கம் மட்டும்தான் சேரும். அதையெல்லாம் அவள் எதிர்பார்த்திருந்தாள். எதிர்பார்க்காதது விசில் அண்ணன்.

அவள் சொல்வதை அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்ததும் இரண்டு கையுறையையும் மேஜைமேல் போட்டார்.

"கீழ நிக்கிறவன் நான்தானேம்மா."

"அண்ணே..."

"மேல உக்காந்திருக்கிறவள நம்பித்தான் நான் வாளிக்கு அடியில போய் நிக்கிறேன். நீ தூங்குனது நோய். அன்னிக்கு நான் ஒரு வார்த்த சொன்னனா? ஆனா இது நோய் இல்ல." அவர் எழுந்து போய்விட்டார்.

அந்த வார்த்தை அவளுக்குள் முள்ளாக நின்றது, வாரக்கணக்கில்.

கிளினிக்கில் தொண்டை டாக்டர் மூக்கு வழியாகச் சின்னக் குழாய் விட்டுப் பார்த்தார். காற்றின் அழுத்தத்தைக் குறைத்து, தேவைப்படும்போது மட்டும் மெஷினே ஏற்றிக்கொள்கிற மாதிரி மாற்றினார்கள். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற பெரிய மாஸ்க் வந்தது. காற்றை ஈரமாக்கிச் சூடேற்றுகிற தண்ணீர்த் தொட்டி ஒன்றும் சேர்ந்தது.

அது முதல் நாளிலேயே பலித்தது என்று சொல்ல ஆசைதான். பலிக்கவில்லை. பெரிய மாஸ்க்கைப் போட்டதும் யாரோ முகத்தில் கை வைத்து அமுக்குகிற மாதிரி இருந்தது. நெஞ்சு படபடத்தது, மூன்றே நிமிஷத்தில் பிய்த்து எறிந்தாள். மூன்று நாள் இதே கதை. டெக்னீஷியனுக்குப் போன் செய்து, "என்னால முடியாதும்மா, செத்துடுவேன் போல இருக்கு," என்றாள்.

"தூங்க வேணாம். முழிச்சிருக்கும்போது போடுங்க. காய் நறுக்கும்போது, துணி மடிக்கும்போது. முதல்ல பத்து நிமிஷம்."

அப்படியே செய்தாள். சாயங்காலம் குழாயை இழுத்துக்கொண்டு சமையலறை மேஜைக்கு வருவாள். எதிரே வீட்டுக்காரர் உட்கார்ந்து கடிகாரம் பார்ப்பார். மாஸ்க்குக்குள் பேச முடியாது. அவள் கண்ணால் கேட்பாள், அவர் விரலால் நிமிஷம் காட்டுவார். "இருபது வருஷத்துல நீ பேசாம இருந்து இப்பத்தான் பாக்குறேன்," என்றார் ஒருநாள். அவள் கையிலிருந்த பீன்ஸை எறிந்தாள். சிரித்ததில் மாஸ்க் விலகிக் காற்று சீறியது.

ஒரு வாரத்தில் பத்து நிமிஷம் ஒரு மணி நேரமானது. அதற்குப் பிறகுதான் அறுபது நாளை எண்ணத் தொடங்கினார்கள். முதுகில் தலையணை வைத்துக்கட்டிப் பக்கவாட்டில் படுக்கப் பழகினாள். 2.4. 3.1. திரும்ப 1.6, சளி பிடித்துக்கொண்டது. மூக்கு இருக்கும் வரை சளி இருக்கும் என்று டெக்னீஷியன் சிரித்தாள், அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டாம் வாரம் ஒரு ராத்திரி 4.0, மிகச் சரியாக. இன்னும் ஒரு நிமிஷம் முன்னால் பிய்த்திருந்தால் அந்த நாள் போயிருக்கும்.

இருபத்தெட்டாம் நாள் காலை கண் விழித்தபோது மாஸ்க் முகத்திலேயே இருந்தது. வாய் வறளவில்லை. ஜன்னலில் நன்றாக வெளிச்சம். திரையில் 6.7. அதைவிட, தலைக்குள் எதுவோ இல்லாமல் போயிருந்தது. ஈரச் சாக்கைச் சுமந்துகொண்டே நடந்தவள் அதை இறக்கி வைத்த மாதிரி. வருஷக்கணக்காக அதைச் சுமந்திருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது, இத்தனை நாள் எப்படி இருந்திருக்கிறோம் என்று.

அதற்குப் பிறகும் மோசமான ராத்திரிகள் வந்தன. அறுபதில் நாற்பத்தாறு தேறியது. மறுபடி கருவி கட்டித் தூங்க வைத்துப் பார்த்தார்கள். மணிக்கு முப்பத்தெட்டு, நாலாகக் குறைந்திருந்தது. கம்பெனி டாக்டர் கையெழுத்துப் போட்டார்: பகல் ஷிப்ட் மட்டும், முதல் மாதம் கூண்டில் பக்கத்தில் இன்னொரு ஆபரேட்டர், மாதாமாதம் கார்டு.

தாளை எடுத்துக்கொண்டு முதலில் விசில் அண்ணனிடம் போனாள். அவர் வாங்கிப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுல தூங்குனது யாரு?"

"நான்தாண்ணே."

"எல்லா நாளுமா?"

"எல்லா நாளும். பதினாலு நாள் தோத்தேன். அதுவும் இதுல இருக்கு."

அவர் அந்தப் பதினாலைத் தேடிப் பார்க்கிற மாதிரி தாளை இன்னொரு தடவை வாங்கினார். தோற்ற நாளெல்லாம் சிவப்பில் இருந்தது. ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார். எண்ணி முடித்தும் நிமிராமல், "மொதல் வாரம் காலி வாளி மட்டும்தான். நான் சொன்னபிறகுதான் இரும்பு," என்றார்.

"சரிண்ணே."

"நான் சொல்ற வரைக்கும்."

"நீங்க சொல்ற வரைக்கும்."

காலி வாளி ஒரு வாரம் போதவில்லை அவருக்கு. மூன்று வாரம் ஆனது. ஒவ்வொரு நாளும் அவள் காலி வாளியைத் தூக்கி, நடத்தி, இறக்கினாள். அவர் கீழே நின்று கைகாட்டினார், வேலையைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. நாலாவது வாரம் செவ்வாய்க்கிழமை உலைக்காரரிடம் போய் ஏதோ சொல்லிவிட்டு வந்து, வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றார். உலை சாய்ந்தது. வாளி நிறைந்தது. வெக்கை நாற்பதடி ஏறிக் கூண்டுக் கண்ணாடியைத் தொட்டது.

அவள் லிவரை மெல்லத் தள்ளினாள். பக்கத்தில் இருந்த ஆபரேட்டர் ஏதோ கேட்டார், அவள் காதில் விழவில்லை. வாளி அச்சுக்கு நேராக வந்து, ஆடாமல் நின்றது. விசில் அண்ணன் உள்ளங்கையைக் கீழ்நோக்கி மெதுவாகத் தாழ்த்தினார். அவள் இறக்கினாள்.